ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் குமரேசன்

ரம்யா போன வாரம் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு வந்தவள். தமிழ் வீட்டுப் பெண்தான். மைசூரிலேயே பிறந்து வளர்ந்ததால் கன்னடம்தான் நாக்கில் முதலில் வரும்.

"மேடம், ஒந்து டவுட். அப்பீல் பைல்ல வீட்டுக்குப் போய்ப் பார்த்த ரிப்போர்ட்டுன்னு ஒரு கட்டம் இருக்கு. ஆன்லைன்ல பார்த்தா அது கம்பல்சரி இல்லன்னு காட்டுது. விட்டுடலாமா? முப்பது பைல் பெண்டிங் மேடம்."

விடாதே என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். அடுத்த பைலை எடுத்ததும் மறந்திருப்பாள். அதனால் குமரேசனைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு, இதை எழுதியே வைத்துவிடலாம் என்று பட்டது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

மைசூரில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக என் உத்தியோகக் காலம் முழுவதையும் கழித்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம் கல்லூரி, ஆறு மாதம் வார்டு. அந்த ஆறு மாதத்தில் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று: எதிரில் இருப்பவர் பேசத் தொடங்கும்போது பேனாவைத் தொடக்கூடாது. தொட்டால் பேச்சு நின்றுவிடும்.

வாரத்தில் இரண்டு நாள் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மதிப்பீடு நடக்கும். கை கால் குறைபாடு என்றால் டாக்டர் அளந்து பார்த்துவிடலாம். மனநோயை எதை வைத்து அளப்பது? அதற்கென்று ஒரு படிவம் உண்டு. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மதிப்பெண். எவ்வளவு முடியவில்லையோ அவ்வளவு மதிப்பெண். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்குத் தனியாக நாலு வரை. எல்லாம் கூட்டி ஏழு வந்தால் நாற்பது சதவீதம். சான்றிதழுக்குப் பலன் உண்டு. ஆறு வந்தால் எந்த உதவியும் கிடையாது.

எங்கள் தலைவர் டாக்டர் புட்டசாமி. ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் முதல் கேள்வி "ஊட்டா ஆய்த்தா?" என்பதுதான். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லும் முகத்தை நன்றாகப் பார்ப்பார். அதன் பிறகு தலை நிமிராது. படிவத்தில் அடித்தல் திருத்தல் அவருக்கு ஆகாது. ஓர் எண் தவறினால் முழுப் படிவத்தையும் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதுவார். "பிலோமினா, பார்த்ததை எழுதுங்க. கேட்டதை எழுதாதீங்க" என்பார். அதற்குக் காரணம் இருந்தது. நான் சேர்ந்த புதிதில், வாயில் எச்சில் வழிய ஒருவரைப் புரோக்கர் ஒருவன் அழைத்து வந்தான். கண்ணீரும் கம்பலையுமாக அவர் மனைவி சொன்னதையெல்லாம் நான் பக்கம் பக்கமாக எழுதினேன். மூன்று மாதம் கழித்து அதே மனிதர் தேவராஜ் மார்க்கெட் பக்கத்தில் கணீரென்று குரல் கொடுத்து வெங்காயம் விற்றுக்கொண்டிருந்ததை டாக்டரே பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்குமே, வெளியே நிற்கும் குடும்பத்தின் பேச்சில் பாதி நம்பிக்கைதான்.

குமரேசன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நாற்பது வயது. சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளி. வாலிபத்தில் மைசூருக்கு வந்து கட்டட வேலையில் கம்பி கட்டியவன். இருபத்தாறு வயதில் நோய் வந்தது. காதில் குரல்கள். மாதம் ஒரு ஊசி எங்களிடம்தான் போட்டுக்கொள்வான். ஐந்து வருடத்துக்கான தற்காலிகச் சான்றிதழ் முன்பே இருந்தது. அதன் கெடு முடிந்ததால் புதுப்பிக்க வந்திருந்தான். அதைக் காட்டித்தான் மாதாமாதம் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. அவனை வைத்துக் காப்பாற்றிய அக்கா பழனியம்மாள், அந்தத் தொகை இருந்ததால் ஊதுவத்திக் கம்பெனியில் அரை நாள் மட்டும் வேலை பார்த்துவிட்டு மீதி நேரம் அவனோடு இருந்தாள்.

அன்று தேய்த்த சட்டை போட்டிருந்தான். முகம் மழித்திருந்தான். தலையில் எண்ணெய் பளபளத்தது. கை கட்டி உட்கார்ந்தான்.

"தினமும் குளிக்கிறாயா?" டாக்டர் கன்னடத்தில் கேட்டார்.

"குளிக்கிறேன் சார்." சைட்டில் பழகிய கன்னடம், தடங்கல் இல்லை.

"நீயேவா?"

"நானேதான் சார்."

"வேலை?"

"கூப்பிட்டால் போவேன் சார். கம்பி கட்டத் தெரியும்."

நான் வெளியே போய்ப் பழனியம்மாளைக் கேட்டேன். வரிசையில் இன்னும் பதினைந்து பேர் இருந்தார்கள். கதவு திறந்திருந்தது, தம்பி காதில் விழும் தூரம். "எப்படிம்மா இருக்கார்?" என்றேன்.

"நல்லா இருக்கானுங்க மேடம். ஒரு தொந்தரவும் இல்லீங்க."

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே வந்து, 'தன் வேலைகளைத் தானே செய்கிறார். சகோதரியும் உறுதி செய்கிறார்' என்று எழுதினேன். டாக்டர் பழகுவதற்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, நோயின் காலத்துக்கு முழு நாலு போட்டார். தன்னைப் பார்த்துக்கொள்வதற்கும் பேச்சுக்கும் பூஜ்யம். கூட்டினால் ஆறு. கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். குமரேசன் எழுந்து எங்கள் இருவரையும் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதன் பிறகு ஊசிப் பதிவேட்டில்தான் அவன் பெயர் என் கண்ணில் பட்டது. இரண்டு மாதமாக வரவில்லை. பழனியம்மாளின் போன் அணைந்திருந்தது. தேதிகளைப் பார்த்தேன். எங்கள் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யத் தொண்ணூறு நாள் அவகாசம் உண்டு. அதில் எண்பத்தொன்று போயிருந்தது.

மறுநாள் நடுப்பகலில் வீட்டைத் தேடிப் போனேன். என்.ஆர். மொஹல்லாவைத் தாண்டி, ஒற்றை அறை வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒரு சந்து. கடைசி வீட்டுக் கதவில் வெளியிலிருந்து பூட்டுத் தொங்கியது. ஆள் இல்லை என்று திரும்பினேன்.

"யாருங்க?"

ஜன்னலுக்குள் குமரேசன் நின்றுகொண்டிருந்தான். தாடி மார்பைத் தொட்டது. அன்று மதிப்பீட்டுக்கு வந்த ஆள் இவன்தானா என்று எனக்கு ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் தரையில் மூடி வைத்த தட்டு, மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி எதற்கு என்று வாடையே சொன்னது.

"ஆஸ்பத்திரி மேடம் குமரேசா. ஊசிக்கு வரலையே?"

"அக்கா வேலைக்குப் போயிருக்குதுங்க. பொழுதோடதான் வரும். நீங்க வெயில்ல நிக்காதீங்க மேடம்."

"எத்தனை நாளா இப்படிப் பூட்டியிருக்கு?"

அவன் ஜன்னல் கம்பியைக் கட்டைவிரலால் தேய்த்தான். "நாந்தானுங்க பூட்டச் சொன்னேன். திறந்து கெடந்தா போயிருவேன். கம்பி கூப்புடுதுங்க."

நேராக ஊதுவத்திக் கம்பெனிக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். பழனியம்மாள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்; வத்தி மாவு அப்பிய விரல்களிலிருந்து கறுப்பு போகவே இல்லை. என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன்."

"போலீசுல சொல்லிருவீங்களா மேடம்?"

அப்போதுதான் முழுவதும் தெரிந்தது. உதவித்தொகை நின்றதும் அவள் முழு நாள் வேலைக்கு மாறியிருக்கிறாள். தனியாக இருந்த குமரேசன் ஒரு நாள் காணாமல் போனான். மறுநாள் காலையில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தின் மூன்றாம் தளத்தில், நீட்டிக்கொண்டு நின்ற தூண் கம்பிகளில் கட்டுக்கம்பியை வெறுங்கையால் சுற்றிக்கொண்டிருந்தானாம். விரலெல்லாம் ரத்தம். திருட வந்தவன் என்று காவலாளி அடித்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் அவனே பூட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறான். அதற்கும் முன்பே, அரை நாள் வேலை பார்த்த காலத்திலும், அவள் தாழ்ப்பாளை வெளியே போட்டுவிட்டுத்தான் போவாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு அதை நீக்கிவிட்டுத்தான் அவன் அன்று போயிருக்கிறான்.

"அன்னிக்கு நான் கேட்டப்ப ஏம்மா நல்லா இருக்கான்னு சொன்னீங்க?"

"அவன் கேட்டுக்கிட்டு இருந்தானேங்க. அவன் முன்னாடி எப்படிச் சொல்றது? உள்ள வெச்சுப் பூட்டறது தப்புன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஆபீசருங்ககிட்டச் சொன்னா என்னையப் புடிச்சுக்கிட்டு அவனைய எங்கியாச்சும் கொண்டுபோய் விட்டுருவாங்கன்னு பயம்."

மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதைச் சொன்னேன். வீட்டில் பார்த்ததை எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன்.

"பூட்டையுமா?"

"பூட்டையும்தான்."

"வேண்டாமுங்க மேடம். உங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன். வேண்டாம்." சாப்பிடாமலே உள்ளே போய்விட்டாள்.

மாலையில் டாக்டரிடம் சொன்னேன். படிவத்தைத் திருத்தித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது. தான் கையெழுத்திட்ட எண்ணைத் தானே மாற்றினால் நாளை நூறு பேர் வாசலில் நிற்பார்கள், புரோக்கர்களுக்குக் கதவு திறந்த மாதிரி ஆகும் என்றார். "வெளியே விசாரித்தது நீங்கதானே? உறுதி செய்கிறார்னு எழுதினது யாரு?" என்று கேட்டார். அடுத்த இரண்டு நாள் வேலை விஷயம் தவிர என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் சரியாகத் தூங்கவில்லை. பழனியம்மாள் சம்மதம் இல்லாமல் எழுத முடியாது. எழுதாமல் விட்டால் கெடு முடிந்துவிடும். அந்த வாளி கண்முன்னே வந்து நின்றது.

எண்பத்தேழாம் நாள் காலை, நான் கைப்பையை வைப்பதற்குள் பழனியம்மாள் அறைக்குள் வந்துவிட்டாள். கூடவே குமரேசன். இரண்டு பேர் மேலும் புகை நாற்றம்.

"நேத்துப் பக்கத்து வீட்டுல கேஸ் பத்திக்கிச்சுங்க. நான் கம்பெனில இருக்கேன். சாவி என்ற இடுப்புல." அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "சனங்க கதவை ஒடைச்சு இவனைய இழுத்திருக்காங்க. எழுதுங்க மேடம். என்ன வேணா எழுதுங்க. என்னையப் புடிச்சா புடிச்சுக்கட்டும்."

குமரேசனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அவனுக்கு ஊசி போட வைத்தேன். பிறகு எழுதத் தொடங்கினேன். வீட்டுக்குப் போன நாள், நேரம், பூட்டு, தட்டு, வாளி, தாடி, அவன் சொன்ன வார்த்தைகள். கடைசியாக ஒரு பத்தி: 'முதல் மதிப்பீட்டின்போது சகோதரியை நான் தனியாக விசாரிக்கவில்லை. மூன்று நிமிடத்தில் முடித்தேன். நான் எழுதிய குறிப்பு தவறு.' அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டு டாக்டர் மேஜையில் வைத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, எனக்குத் தெரிந்து முதன்முறையாக, எழுதியிருந்த ஒரு காகிதத்தில் திருத்தம் போட்டார். 'நான்' என்றிருந்த இடங்களில் 'நாங்கள்' என்று மாற்றினார்.

"அந்த ரூம்ல இரண்டு பேர் இருந்தோம்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, என் பெயருக்கு மேலே தன் கையெழுத்தைப் போட்டார். "அந்தம்மா அவனைப் பூட்டினதுக்கு நாம போட்ட ஆறும் ஒரு காரணம். அதையும் சேர்த்து எழுதுங்க." எழுதினேன்.

கெடு முடிவதற்குள் மேல்முறையீடு போனது. விசாரணைக்கு ஏழு வாரம் கழித்து அழைப்பு வந்தது. வேறொரு அலுவலகத்தின் மாடியில் நீளமான மேஜை. மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த அம்மாள்தான் தலைவர். பழனியம்மாளுக்குக் கன்னடம் வரும். பயத்தில் எல்லாம் மறந்து தமிழாகத்தான் வரும் என்பதால் மொழிபெயர்க்க என்னை அனுமதித்தார்கள். கேட்டதையும் சொன்னதையும் மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டும், நீங்களாக ஒன்றும் சேர்க்கக்கூடாது என்று முதலிலேயே எச்சரித்தார் அந்த அம்மாள்.

குமரேசனைப் பார்த்தேன். மறுபடியும் தேய்த்த சட்டை. மழித்த முகம். தலையில் எண்ணெய். பெரியவர்கள் முன்னால் தம்பியை அழுக்காக நிறுத்த அந்த அக்காவுக்கு மனம் வரவில்லை.

"நீயே குளிப்பாயா?"

"குளிப்பேன் மேடம்."

"சாப்பாடு?"

"நானே போட்டுச் சாப்பிடுவேன்."

"வேலை கிடைத்தால் செய்வாயா?"

"செய்வேன் மேடம்."

அதே பதில்கள். இடதுபக்க டாக்டர் பேனாவை மூடினார். தலைவர் எங்கள் குறிப்பை எடுத்து, பூட்டைப் பற்றிய பத்தியை மெதுவாக வாசித்தார். பழனியம்மாளைப் பார்த்து, "பூட்டினது நீங்களா?" என்றார்.

பழனியம்மாள் வாய் திறந்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

குமரேசன் எழுந்து நின்றான். "அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தானுங்க பூட்டச் சொன்னேன்" என்றான் தமிழில். நான் கன்னடத்தில் சொன்னேன்.

இடதுபக்க டாக்டர் சொன்னார்: "தனக்கு என்ன ஆகும்னு இவ்வளவு தெளிவாத் தெரியுது. தன்னைக் காப்பாத்திக்க வழியும் சொல்றான். பின்னே இதுல ஊனம் எங்கே இருக்கு?"

பைலை மூடப்போகிறார்கள் என்று தெரிந்தது. மொழிபெயர்க்க வந்தவள் நான். பேச உரிமை இல்லை. இருந்தாலும் எழுந்தேன்.

"மேடம், முதல் தடவை விசாரித்து ஏமாந்தது நான். ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி கொடுங்கள்."

தலைவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஒன்றுதான்."

நான் குமரேசன் பக்கம் திரும்பினேன். "குமரேசா, இன்னிக்குக் காலையில குளிச்சே இல்ல, எப்படிக் குளிச்சே? மொதல்ல இருந்து சொல்லு."

அவன் யோசித்துச் சொன்னான். "அக்கா எழுப்புச்சுங்க. உக்காருன்னுச்சு, உக்காந்தேன். தண்ணி மோந்து குடுத்துச்சு, ஊத்துனேன். சோப்புப் போடுன்னுச்சு, போட்டேன். போதும்னுச்சு, நிறுத்துனேன். சட்டைக்குக் கை நீட்டுன்னுச்சு."

"நானே குளிக்கிறேன்னியே?"

"ஆமாங்க. என்ற கைதானுங்களே ஊத்துச்சு."

நான் ஒவ்வொரு சொல்லையும் கன்னடத்தில் சொன்னேன். தலைவர் முன்னால் சாய்ந்து, இம்முறை அவரே கேட்டார்: "அக்கா போதும் என்று சொல்லாவிட்டால்?"

மொழிபெயர்ப்பதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் மெல்ல மாறியது. அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியலீங்க" என்றான். "யாராச்சும் சொல்லோணும்."

இவ்வளவு நேரம் அவன் காப்பாற்றி வைத்திருந்ததை நானே பலர் முன்னால் பிடுங்கிவிட்ட மாதிரி இருந்தது. அவன் ஜெயிப்பதற்கு வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை. இடதுபக்க டாக்டர் பேனாவை மறுபடியும் திறந்தார். அதன் பிறகு பழனியம்மாளைத் தனி அறையில் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் விசாரித்தார்கள். போலீஸ் பேச்சே எழவில்லை. பகலில் அவனை விட்டுவிட்டுப் போக ஒரு பகல்நேர மையத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார் தலைவர்.

பன்னிரண்டு மதிப்பெண். அறுபது சதவீதம். டாக்டர் புட்டசாமியிடம் உத்தரவைக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த மதிப்பீட்டு நாளில் வந்த முதல் ஆளிடம், "இன்னைக்கு எப்படிக் குளிச்சே, சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டார். குடும்பத்தை விசாரிக்கத் தனி அறையும் அந்த மாதமே எனக்குக் கிடைத்தது. ஒரு நாளைக்கு இருபது பேர் பார்த்த இடத்தில் எட்டுப் பேர்தான் பார்க்க முடிந்தது. ஏன் குறைந்தது என்று கேட்டு மேலிடத்திலிருந்து வந்த கடிதங்களுக்கெல்லாம் அவரே பதில் எழுதினார்.

சான்றிதழ் வாங்க இருவரும் வந்த அன்று குமரேசன் காகிதத்தை நெடுநேரம் பார்த்தான்.

"அறுபதுங்களா?" என்றான். "பள்ளிக்கூடத்துல நான் முப்பத்தஞ்சைத் தாண்டுனதே இல்லீங்க மேடம்."

சிரிக்கிறானா என்று தெரியவில்லை. ஊசி போட அவனை உள்ளே கூப்பிட்டார்கள். பழனியம்மாளும் நானும் வராந்தாவில் நின்றோம். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அன்னைக்கு அங்க கேட்டீங்களே மேடம், எப்படிக் குளிச்சேன்னு" என்றாள். "அதை மொத நாளே கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கூட்டத்தைப் பற்றிச் சொல்லலாம், திறந்திருந்த கதவைப் பற்றிச் சொல்லலாம், அவளே நல்லா இருக்கான் என்று சொன்னதைச் சொல்லலாம்.

"கேட்டிருக்கணும் பழனியம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். குமரேசன் சட்டைக் கையை மடித்தபடி வெளியே வந்தான். அவள் அதை இறக்கிவிட்டு, பொத்தானைப் போடச் சொன்னாள். அவன் போட்டான்.